பட்டறைப் பக்கம்: அலாரம் பொய் சொல்கிறதா?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் எங்களுக்கு 3 ஏக்கர் இருக்கிறது. பீன்ஸ், சௌசௌ போட்டிருக்கிறோம். 11 வருடம் ஓடிய டீசல் கேம்பர் வண்டி சொந்தமாக வைத்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள், விடியற்காலை 3 மணிக்கு லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குவோம். 2 மாதமாக வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே கூலன்ட் குறைவு என்று சிவப்பு விளக்கு மின்னி, பீப் பீப் என்று கத்துகிறது. இறக்கத்தில் வளைவுகளில் சத்தம் அதிகம். சமவெளிக்கு வந்ததும் தானாக நின்றுவிடுகிறது. மார்க்கெட்டில் லோடு இறக்கியதும் பானெட்டைத் திறந்து பார்த்தால் டப்பாவில் தண்ணீர் நன்றாகவே தெரிகிறது. டெம்பரேச்சர் முள்ளும் நடுவில்தான் நிற்கிறது. 15, 20 நாளுக்கு ஒருமுறை ஒரு சொம்பு போர் தண்ணீர் ஊற்றுவேன், அவ்வளவுதான். எங்கள் மெக்கானிக், ‘சென்சார் போய்விட்டது, ஒயரை வெட்டிவிட்டால் சத்தம் இருக்காது’ என்கிறார். என் மனைவியும் கூடவே வருவதால், இருட்டில் அந்தச் சத்தம் கேட்டாலே பயப்படுகிறார். வெட்டிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வெட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சென்சார் கெட்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த அலாரம் இரண்டு மாதமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

காரணம் சொல்கிறேன். நீங்கள் டப்பாவைப் பார்ப்பது மார்க்கெட்டில், மலை இறங்கி வந்த சூட்டோடு. சூடானால் கூலன்ட் விரியும். டப்பாவில் மட்டம் ஏறித் தெரியும். அலாரம் கத்துவதோ மலை மேல், விடியற்காலைக் குளிரில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது. அப்போதுதான் கூலன்ட் சுருங்கி, மட்டம் மிகக் கீழே இருக்கும். வண்டி ஓடிச் சூடேறியதும் மட்டம் உயர்கிறது, சத்தம் நிற்கிறது. இறக்கத்தில் வண்டியின் மூக்கு கீழே சாய்வதால் டப்பாவில் இருப்பது ஒரு பக்கமாக ஒதுங்கும். வளைவில் பக்கவாட்டில் ஒதுங்கும். மட்டம் விளிம்பில் இருக்கும் வண்டியில் சென்சார் அந்த நேரத்தில் காய்ந்துபோய்க் கத்தத்தான் செய்யும். சென்சார் செத்துப்போயிருந்தால் மேடு, பள்ளம், சூடு, குளிர் என்று பார்த்துக் கத்தாது. பெரும்பாலும் சாவி போட்டதிலிருந்து நிறுத்தும் வரை கத்தும். அல்லது கத்தவே கத்தாது.

அடுத்தது அந்த ஒரு சொம்பு தண்ணீர். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். இப்போதைய வண்டிகளில் கூலன்ட் சுற்றும் பாதை மூடியது. மூடியும் குழாயும் நன்றாக இருந்தால், மாதக்கணக்கில் ஓட்டினாலும் மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கக் கூடாது. 15 நாளுக்கு ஒரு சொம்பு குடிக்கிறது என்றால் எங்கோ போகிறது.

ஆகவே முதல் வேலை இது. மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். விடிந்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், டப்பாவின் பக்கத்தில் இருக்கும் மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய டப்பா மஞ்சளித்து உள்ளே தெரியாமல் போயிருந்தால், வண்டியை லேசாக ஆட்டினால் மட்டம் அசைவது தெரியும். உள் சுவரில் ஒட்டியிருக்கும் கறையைத் தண்ணீர் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மேல் கோட்டை ஒட்டி நிரப்பிவிட்டு, மார்க்கர் பேனாவால் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். 7 நாள், தினமும் காலையில் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நிரப்பியதுமே சத்தம் நின்று, கோடு இறங்க இறங்க மறுபடியும் வந்தால் சென்சார் நல்ல சென்சார். ஒழுகலைத்தான் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை அடங்கி இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, மூடி மேல் சாக்குத் துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.

டப்பாவில் இரண்டு வகை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் அழுத்தம் தாங்கும் மூடி டப்பா மேலேயே இருக்கும். ரேடியேட்டருக்குத் தனி மூடி இருக்காது. வேறு சில வண்டிகளில் அழுத்த மூடி ரேடியேட்டர் தலையில் இருக்கும். டப்பா வெறும் ரிசர்வ் டப்பா, மெல்லிய குழாயால் இணைந்திருக்கும். இரண்டாவது வகையில் டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டர் பாதி காலியாக இருப்பது உண்டு. மூடியில் உள்ள சிறிய வால்வோ, மெல்லிய குழாயோ கெட்டுப்போனால், ஆறும்போது டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சாது. உங்கள் வண்டி இந்த வகை என்றால், ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கழுத்து வரை நிற்கிறதா என்று பாருங்கள்.

டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். மட்ட அலாரத்தைத் தனியாக வைத்ததற்குக் காரணமே இதுதான். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். தண்ணீர் இறங்கிப்போய் அது காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கலாம், சில சமயம் கீழே கூட இறங்கலாம். அலாரம் ஒயரை வெட்டிய ஒரு பால் வண்டி எங்கள் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. கீழ் ஹோஸ் வழியில் கிழிந்து மொத்தத் தண்ணீரும் போயிருக்கிறது. முள் ஏறவே இல்லை என்று டிரைவர் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, பிஸ்டனும் பிடித்துவிட்டது. மலை இறக்கத்தில் லோடோடு இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் உதவியும் கூடவே போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒழுகல் எங்கே என்று தேடும்போது, காலையில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்தால் நேர் மேலே தேடலாம். சொட்டே இல்லை என்பதால் ஒழுகல் இல்லை என்று அர்த்தம் இல்லை. சூடான இரும்பில் பட்டு ஆவியாகிப் பச்சை, வெள்ளைக் கறையாகக் காய்ந்திருக்கும். ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேரும் இடம், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். அந்த ஓட்டை ஏதோ உடைந்து விழுந்தது இல்லை. உள்ளே சீல் தேய்ந்தால் தெரியட்டும் என்றே விட்டிருப்பது. அதை எம்-சீல் வைத்து அடைத்துக் கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது! மலை வண்டி என்பதால் ஹீட்டர் இருக்கலாம். முன் சீட்டுக் கால்மிதி பிசுபிசுப்பாக ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் பனி பிடித்தால் ஹீட்டர் சுருளில் ஓட்டை.

வெளியே எங்குமே இல்லாமல் குறைகிறது என்றால் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? டப்பாவில் விடாமல் குமிழி வருகிறதா? சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருகிறதா? ஆயில் குச்சியை எடுத்தால் பால் விட்ட டீ நிறம் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் லோடு ஏற்றாமல் நேரே நல்ல பட்டறைக்குப் போங்கள்.

சரி, 7 நாளும் கோடு ஒரு நூல் கூட இறங்கவில்லை, டப்பாவும் மேல் கோடு வரை இருக்கிறது, ஆனாலும் கத்துகிறது. அப்போது அலாரம் மேல் சந்தேகப்படலாம். அரை மணி நேர வேலைதான்.

முதலில் சென்சாருக்குப் போகும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பச்சைப் பாசி மாதிரி களிம்பு ஏறியிருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். காய்கறி ஏற்றுகிற வண்டி. பானெட்டுக்குள் எலி வருவது சாதாரணம்.

சென்சாரில் பரவலாகப் புழங்குபவை இரண்டு. ஒன்றில் டப்பாவுக்குள் மிதவை இருக்கும், அதில் காந்தம் இருக்கும். மிதவை இறங்கினால் காந்தம் ஒரு சிறிய சுவிட்சை இயக்கும். சேறு, துரு படிந்து மிதவை ஒட்டிக்கொள்ளலாம். விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் ஏறி மூழ்கியும் போகலாம். டப்பாவைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும்.

இன்னொரு வகையில் மிதவை இல்லை. இரண்டு உலோகக் குச்சிகள் கூலன்டுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும். கூலன்ட் வழியாக இம்மியளவு மின்சாரம் ஒரு குச்சியிலிருந்து அடுத்ததற்குப் போனால் ‘தண்ணீர் இருக்கிறது’ என்று வண்டி எடுத்துக்கொள்ளும். இந்த வகையில்தான் உங்கள் போர் தண்ணீர் வேலையைக் காட்டும். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, சூட்டில் பிரிந்து குச்சிகள் மேல் வெள்ளை ஓடாகப் படியும். டீ போடும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதேதான். ஓடு படிந்தால் மின்சாரம் போகாது, டப்பா நிறைந்திருந்தாலும் கத்தும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிப் பொருத்துங்கள். இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். கூலன்டே இல்லாமல் வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் நிரப்பினாலும், அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் இந்த வகை அலாரம் கத்தலாம்.

இனி ஒயர் சோதனை. கப்ளரில் இரண்டு ஒயர் மட்டும் இருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும்; மூன்று இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். கப்ளரைக் கழற்றிய நிலையில் அலாரம் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு சாவியை எடுத்துவிட்டு, ஒயர் பக்கக் கப்ளரின் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, மறுபடி சாவி போட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் கழற்றினால் சத்தம் நிற்கும், சிலவற்றில் இணைத்தால் நிற்கும். ஏதாவது ஒரு நிலையில் நின்றுவிட்டால் ஒயரும் டாஷ்போர்டும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சாரில்தான். புது சென்சார் வாங்குங்கள், டப்பாவோடு வந்தாலும் பரவாயில்லை. ஹெட்டைக் கழற்றி மாட்டும் செலவில் அது ஒரு மூலைக்கு வராது. இரண்டு நிலையிலும் கத்தினால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது பாடியில் உரசுகிறது. புது சென்சார் வாங்கினால் அந்தப் பணம் வீண்.

இன்னொன்று. சில வண்டிகளில் மட்டத்துக்கும் சூட்டுக்கும் ஒரே விளக்குதான். அப்படி இருந்தால் சூட்டு சென்சாரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் போட்டால் மட்டும் அலாரம் வந்து, லைட்டை அணைத்தால் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, துரு தேய்த்து, இறுக்கிவிட்டாலே போதும்.

கடைசியாக, போர் தண்ணீரை விட்டுவிடுங்கள். கூலன்ட் கேன் மேல் ‘ரெடி மிக்ஸ்’ என்று இருந்தால் அப்படியே ஊற்ற வேண்டும். இல்லையென்றால் வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வெவ்வேறு வகையைக் கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் இத்தனை நாள் போர் தண்ணீர் ஓடியிருப்பதால், ஒழுகலைச் சரி செய்த பிறகு முழுவதையும் வடித்து, அலசி, புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். வழியில் அவசரம் என்றால் குடிதண்ணீர் ஊற்றி வீடு வந்து சேருவதில் தப்பில்லை. ஆனால் கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்; நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள்.

வடித்த கூலன்டைத் தரையில் ஊற்றக் கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய், பூனைக்குக் கொஞ்சம் நக்கினாலே உயிருக்கு ஆபத்து. கன்றுக்குட்டி, ஆடு, கோழி திரியும் வாசலில் தேங்கவிடாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். ஏதாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், தள்ளாடும் வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குழந்தை என்றால் நேரே அரசு மருத்துவமனைக்கு, கேனையும் கையில் எடுத்துக்கொண்டு.

கேள்வி: எங்கள் டிராக்டரில் இந்த மாதிரி அலாரமே இல்லை. நெல் அறுவடை நேரத்தில் வைக்கோல் கட்டும்போது ஹீட் ஆகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: எறிய வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் வேலை செய்கிற சூட்டுக்கு வர நேரமாகும். டீசலும் கூடும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, முன்னைவிட அதிகமாகச் சூடாகும்.

வைக்கோல் கட்டும்போது மட்டும் சூடாகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ரேடியேட்டர் கண்களில் பதரும் தூசியும் அடைத்திருக்கும். முன் வலையைக் கழற்றி, இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் பதர் இன்னும் உள்ளே இறுகும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கும். தள்ளி நின்று அடியுங்கள். அறுவடை நாட்களில் தினமும் இதைச் செய்ய வேண்டும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் இறுக்குங்கள்.

இதற்குப் பிறகும் சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சோதியுங்கள். நூலில் கட்டி, அடியில் படாமல், ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே திறக்கும் டிகிரி பொறித்திருக்கும், பல இன்ஜின்களில் 82 டிகிரி அளவில் இருக்கும். தண்ணீர் கொதிக்கும் முன் அது வாய் திறந்து, ஆறியதும் மூடினால் நல்லது. திறக்கவில்லை என்றால் அதே டிகிரியில் புதியது வாங்கிப் போடுங்கள். சோதித்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

அலாரம் இல்லாத டிராக்டருக்கு, சூட்டு அளவு ஏறினால் கத்தும் பஸ்ஸரைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் மேலே சொன்ன மாதிரி, தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் அதுவும் ஏமாற்றும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் உங்களுக்கு மட்ட அலாரம்.

திண்டுக்கல் வாசகர் 7 நாள் கணக்கை எழுதி அனுப்புங்கள். கோடு எவ்வளவு இறங்கியது, எந்த நாளில் சத்தம் வந்தது, உங்கள் வண்டியில் மூடி டப்பா மேல் இருக்கிறதா, ரேடியேட்டர் மேல் இருக்கிறதா என்பதைச் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் மேற்கொண்டு சொல்கிறேன்.